18 கட்டங்களில் ஒரு மனிதன்

பண்டைய எகிப்திய ஓவியத்தைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் தீர்ப்பு முதலாவது. 'சட்டங்கள்' என்ற தம் நூலில், எகிப்தியர் கலைக்கு இலக்கணம் வகுத்துக் கோவில்களில் காட்சிக்கு வைத்தார்கள், அதை மீற ஓவியர் எவரையும் விடவில்லை என்று மெச்சுகிறார். பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய படைப்பும் நேற்றைய படைப்பும் ஒன்றுபோல் இருப்பது அவர் கண்ணுக்குப் பெருமை. இரண்டாவது தீர்ப்பு, அருங்காட்சியகத்தில் அரைமணி நேரம் சுற்றிவிட்டு வெளியே வருகிறவர்கள் சொல்வது: முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக, கால்கள் மறுபடி பக்கவாட்டில், ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். மூவாயிரம் ஆண்டு ஒரே படத்தை வரைந்தவர்களுக்கு வேறு வரையத் தெரியாது போலும் என்ற நினைப்பும் இதில் ஒளிந்திருக்கிறது.

பாராட்டும் பழியும் இங்கே ஒரே தவற்றைச் செய்கின்றன. மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. உருவத்தை அளந்து வரையப் பயன்பட்ட சதுரக் கட்டம் ஒன்று. ஒவ்வோர் உறுப்பையும் அது தெளிவாகத் தெரியும் பக்கத்திலிருந்து காட்டும் வரைமுறை இன்னொன்று. யாரை எப்படி வரையலாம், எதை வரையவே கூடாது என்ற வரம்பு மூன்றாவது. மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடைபோட்டால் கணக்கு மாறுகிறது. கட்டத்தின்மேல் சொல்லத்தக்க குற்றம் அதிகமில்லை. வரைமுறைக்கு ஒரு விலை இருந்தது. பெற்ற பயனுக்கு அது தகும். எகிப்தியக் கலையின் உண்மையான குறை மூன்றாவதில்தான் இருக்கிறது.

சுவரில் அடித்த நூல்

கல்லறைச் சுவரைச் சமப்படுத்திச் சாந்து பூசியதும், செங்காவியில் தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார்கள், தச்சர் மரத்தில் நூலடிப்பதைப் போல. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தால் கட்டம் தயார். நிற்கும் மனிதனுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம். முழங்கால் 6ஆம் கோட்டில் வரும். பிட்டத்தின் அடி 9இல், முழங்கை 12இல், கழுத்து தோளில் இறங்கும் இடம் 16இல். உட்கார்ந்திருப்பவருக்கு 14 கட்டம். உச்சந்தலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தலையில் வருவது கிரீடமோ பொய்முடியோ, அதன் உயரம் ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததுமில்லை, மாறாமல் கிடந்ததுமில்லை. பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் சில கிடைக்கோடுகளும் நடுவே ஒரு செங்குத்துக் கோடும் போதுமானவையாக இருந்தன. முழுச் சதுரக் கட்டம் நடு அரசுக் காலத்தில் வருகிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி, மேல் இமை வரை 21 கட்டம் என்று அளவு மாறுகிறது. எகிப்தியக் கலையின் அளவுமுறையைப் பற்றி 1994இல் தனி நூல் எழுதிய கே ராபின்ஸ் போன்றவர்கள் எஞ்சியிருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி இந்த மாற்றங்களை நிறுவியிருக்கிறார்கள். பிளேட்டோ கண்ட அசையாத எகிப்து, தொலைவில் நின்று பார்த்த எகிப்து.

வேலை நடந்த விதம் தெரிய வேண்டுமானால் அரசர் பள்ளத்தாக்கில் 1908இல் திறக்கப்பட்ட மன்னன் ஹோரெம்ஹெப்பின் கல்லறைக்குப் போக வேண்டும். அதன் அடக்க அறை முடிவடையாமலே நின்றுபோனது. அதனால் ஒரு சுவரின் எல்லாப் படிநிலைகளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. ஓரிடத்தில் கட்டமும் சிவப்புக் கோட்டில் முதல் வரைவும்; அடுத்து, அந்தச் சிவப்பின்மேல் கறுப்பில் திருத்தம்; அதற்கும் அப்பால் உளி பட்டுப் புடைப்பாக எழத் தொடங்கிய உருவம். ஒரு கை வரைந்ததை இன்னொரு கை திருத்துகிறது, மூன்றாவது கை செதுக்குகிறது. மூன்று பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்குக் கட்டம் உத்தரவாதம்.

இதன் பயன் கண்கூடு. கையகலப் பலகையில் வரைந்ததை ஆளுயரச் சுவரில் பிசகாமல் ஏற்றலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சாந்து பூசிய மரப்பலகை ஒன்று இருக்கிறது. அதில் கட்டத்துக்குள் மூன்றாம் துட்மோஸ் மன்னன் அமர்ந்திருக்கிறான். பக்கத்தில் கையின் வடிவத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பழகிய தடங்களும் ஒரு பறவைக் குஞ்சும். ஓவியப் பயிற்சி இப்படித்தான் நடந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. விளக்கொளியில், நெருக்கமான அறையில், பலர் சேர்ந்து செய்த வேலையில் மிக மோசமான ஓவியம் என்று ஒன்று அரிதாகவே வந்திருக்கிறது என்றால் காரணம் இந்த ஏற்பாடுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. தவற முடியாதபடி வழி போட்டுக் கொடுத்தால், சுமாரான கையும் தப்பித்துக்கொள்ளும். சரியான அளவும் செத்த கோடும் சேர்ந்த உருவங்கள் எகிப்தில் ஏராளம். ஆனால் அளவு மட்டும் கலையாகிவிடாது என்பதை அந்த ஓவியர்களும் அறிந்திருந்தார்கள். லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள தம் நினைவுக்கல்லில் இர்ட்டிசென் என்ற 11ஆம் அரச மரபுக் காலக் கலைஞர் தமக்குத் தெரிந்தவற்றைப் பட்டியலிடுகிறார். அளவுக் கணக்கோடு நிற்கவில்லை அவர்; ஆணின் நிலை, பெண்ணின் நடை, நீர்யானைமேல் ஈட்டி எறிய ஓங்கிய கை என்று அசைவுகளுக்கு வருகிறார். அந்த வித்தை தமக்கும் தம் மூத்த மகனுக்கும் மட்டுமே உரியது என்று பெருமை பேசுகிறார். எல்லோருக்கும் பொதுவான கட்டத்தைத் தாண்டி ஒருவர் கைக்கு மட்டும் வரும் ஒன்று உண்டு என்ற கர்வம் இது.

கட்டம் கலையைக் கட்டிப்போட்டது என்பவர்களுக்கு இன்னொரு பதிலும் கிரேக்கத்திலேயே இருக்கிறது. சமோஸ் தீவைச் சேர்ந்த சிற்பிகள் இருவர் ஒரே சிலையின் இரு பாதிகளை வெவ்வேறு ஊர்களில் செய்து, கொண்டுவந்து பொருத்தியபோது மயிரிழை பிசகாமல் பொருந்தியது என்றும், அது உடலை 21¼ பங்காகப் பிரிக்கும் எகிப்திய முறை என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிவைத்திருக்கிறார். கதை எவ்வளவு மெய்யோ, கி.மு. 600 வாக்கில் கிரேக்கர் செதுக்கிய இளைஞர் சிலைகள் இடக்காலை முன்வைத்து, கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டு, எகிப்தியச் சிலைகளின் நிலையில்தான் நிற்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள இளைஞன் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. ஆனால் நூறு ஆண்டு சொச்சத்தில் கிரேக்கச் சிற்பம் உடலின் எடையை ஒரு காலுக்கு மாற்றி, இடுப்பைச் சாய்த்து, அந்த நிலையை விட்டே வெளியேறிவிட்டது. அதே கருவி அங்கே ஏணியாகப் பயன்பட்டது. எகிப்தில் அது வேலியாகத் தெரிகிறது என்றால், வேலி போட்டவர் வேறு யாரோ.

குளத்தை எப்படி வரைவது?

அடுத்தது வரைமுறை. சுமார் கி.மு. 3100ஐச் சேர்ந்த நார்மர் கற்பலகையிலேயே அது முழுமையாக வந்துவிடுகிறது. கதாயுதத்தை ஓங்கிப் பகைவனின் முடியைப் பற்றியிருக்கும் அந்த அரசனின் முகமும் கால்களும் பக்கவாட்டில் உள்ளன, கண்ணும் தோள்களும் நேர்ப்பார்வையில். அடுத்த மூவாயிரம் ஆண்டுக்கு இதுவே வழக்கம்.

இதைக் குறைபாடு என்று நினைப்பவர்கள் நெபமூன் என்ற அதிகாரியின் கல்லறையில் வரைந்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும். சுமார் கி.மு. 1350இல் தீபஸ் நகரில் வரையப்பட்டுப் பின்னர் சுவரிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட அந்த ஓவியத் துண்டுகள் இன்று லண்டனில் இருக்கின்றன. தோட்டத்தின் நடுவே குளம். அதை மேலிருந்து பார்த்த நீள்சதுரமாக வரைந்திருக்கிறார்கள், நீர் நெளிகோடுகளாக ஓடுகிறது. ஆனால் குளத்தில் நீந்தும் மீனும் வாத்தும் பக்கவாட்டில் தெரிகின்றன. கரையோர மரங்களும் அப்படியே, எந்த மரத்தில் எந்தப் பழம் என்று அடையாளம் சொல்லும் அளவுக்கு. கரையில் நின்று ஒருவர் காணும் காட்சி இது அல்ல. அப்படிக் கண்டால் குளம் ஒரு மெல்லிய கீற்றாகச் சுருங்கும், முன்மரம் பின்மரத்தை மறைக்கும், பாதி மீன் தெரியாது. நெபமூனுக்கு வேண்டியது மறுமையில் நிழலும் பழமும் மீனும் தரும் தோட்டம். ஒன்று மறைந்தால் ஒன்று குறைந்தது. பார்ப்பவர் நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, பொருளின் முழுமையை எடுத்துக்கொண்ட முறை இது. ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிஹ் ஷேஃபர் 1919இல் வெளியிட்ட ஆய்வு இதைத் திறமைக்குறைவாகப் பார்க்காமல் தனி இலக்கணமாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

அந்த இலக்கணத்துக்குக் கொடுத்த விலை என்ன? சில்லறை விலை ஒன்று: இரண்டு பாதங்களும் கட்டைவிரல் தெரிய உட்புறமாகவே வரையப்பட்டதால் பெரும்பாலான உருவங்களுக்கு இரண்டும் ஒரே காலாக அமைந்துவிடும். பெரிய விலை, காலம். பொருளின் முழுமையைக் காட்டுகிற ஓவியம், பொருள் மாறுவதைக் காட்ட முடியாது. அதே கல்லறையின் வேட்டைக் காட்சியில் நெபமூன் நாணல் தோணியில் நின்று பறவைகளைத் துரத்துகிறார். மனைவி விருந்துக்குப் போகும் உடையில் நிற்கிறார், மகளும் உடனிருக்கிறாள். தோணி ஆடவில்லை, யாருக்கும் வியர்க்கவில்லை, யாருக்கும் வயதாகவில்லை. மறுமைக்கு இது பொருத்தம். ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றி இதிலிருந்து நமக்குத் தெரிவது குறைவு.

இந்த விலையைக் குறைக்க முயன்றவர்களும் உண்டு. 12ஆம் அரச மரபைச் சேர்ந்த மூன்றாம் செனுஸ்ரெத்தின் சிலைகளில் இமைகள் கனத்திருக்கின்றன, கண்ணடியில் வரி விழுந்திருக்கிறது, வாயோரம் இறங்கியிருக்கிறது. ஆட்சியின் பாரம் முகத்தில் ஏறிய ஓர் அரசன். கழுத்துக்குக் கீழே பார்த்தாலோ, இருபது வயது மல்லனின் உடம்பு. சிற்பிக்கு முதுமையைச் செதுக்கத் தெரிந்திருந்தது. முகத்தோடு நிறுத்திக்கொள் என்று சொன்னது கல்லோ உளியோ அல்ல.

சிறியவர்களுக்குக் கிடைத்த விடுதலை

இங்கேதான் மூன்றாவது விஷயம் வருகிறது. மீண்டும் நெபமூனின் விருந்துக்குப் போவோம். விருந்தினர்கள் வரிசையாகப் பக்கவாட்டு முகத்தோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே தரையில் இசைக்கும் பெண்களில் இருவர் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். கூந்தல் கலைந்திருக்கிறது, உள்ளங்கால்கள் தெரிகின்றன. பக்கத்தில் ஆடும் இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் மறைத்துப் பின்னிக்கொண்டு வளைகிறார்கள். இலக்கணத்தில் இல்லாத எல்லாமே அங்கே இருக்கிறது. வேட்டைக் காட்சியில் வரும் பூனைக்கும் இதே சலுகை. வாயில் ஒரு பறவை, நகங்களில் வேறு பறவைகள் என்று அது துள்ளுகிறது. அதன் கண்ணுக்குப் பொன் பூசியிருக்கிறார்கள். அந்தச் சுவரிலேயே உயிர்த்துடிப்பு மிக்க பிராணி அதுதான்.

கல்லறை ஓவியங்களில் இது பொது விதி. உழவர், மீனவர், ஆட்டக்காரர், வேற்று நாட்டவர், விலங்கு ஆகியோரிடம் ஓவியரின் கை தாராளமாக ஓடுகிறது. வீட்டுத் தலைவரிடம் வந்ததும் விறைத்துவிடுகிறது. இதைக் கண்டு பலர், எளியவர் பக்கம் ஓவியருக்கு இருந்த பரிவு என்று மகிழ்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவர் என்றென்றும் வாழ வேண்டியவர். அவர் உருவத்தில் பிழை வந்தால் நஷ்டம் மறுமைக்கு. இசைக்கும் பெண் எப்படி இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்குக் கிடைத்த விடுதலை, அவள் பொருட்டில்லை என்பதன் அடையாளம். அழகின் கணக்கில் அது நமக்கு லாபம். நீதியின் கணக்கில் லாபமில்லை.

வரம்பின் இன்னும் கடுமையான முகம் கோவில் சுவர்களில் தெரிகிறது. அபுசிர் என்ற இடத்தில் கி.மு. 25ஆம் நூற்றாண்டு மன்னன் சஹூரேயின் பிரமிடுக் கோவிலில் ஒரு காட்சி: அரசன் லிபியத் தலைவனை அடித்து வீழ்த்துகிறான், தலைவனின் மனைவியும் இரண்டு மகன்களும் பெயர் பொறிக்கப்பட்டு நின்று மன்றாடுகிறார்கள். சில தலைமுறைக்குப் பிறகு இரண்டாம் பெப்பியின் கோவிலில் அதே காட்சி வருகிறது, மனைவிக்கும் மகன்களுக்கும் அதே பெயர்களோடு. சஹூரேக்கு ஏறக்குறைய 1,800 ஆண்டு கழித்து இன்றைய சூடானில் உள்ள காவா கோவிலில் தஹார்கா மன்னனும் அதே குடும்பத்தை அதே பெயர்களோடு வெல்கிறான்.

இதைப் பொய் என்று சொல்வது அவசரம் என்பார்கள். அரசனின் கடமை உலகைக் குலைக்கும் சக்திகளை அடக்குவது. சுவரில் இருப்பது அந்தக் கடமையின் சடங்கு வடிவம், செய்தி அறிக்கை அல்ல என்ற விளக்கம் உண்டு. விளக்கம் சரிதான். ஆனால் இதே வகைக் கோவில் சுவர்கள் ஆண்டையும் இடத்தையும் குறித்து உண்மைப் போர்களையும் சொல்கின்றன. எது சடங்கு, எது நிகழ்ச்சி என்று பிரித்துக்காட்ட அந்தக் கலையிடம் வழியே இல்லை. கி.மு. 1274 வாக்கில் காதேஷ் நகரருகே ஹிட்டைட் படையிடம் இரண்டாம் ராம்சேஸ் மயிரிழையில் தப்பினான். நகரம் அவன் கைக்கு வரவில்லை. அபு சிம்பல், லக்சர், ராமசேயம் என்று கோவில் கோவிலாக அந்தப் போர் தனியொருவனின் பெருவெற்றியாக எழுந்து நிற்கிறது. சஹூரேயின் சுவர் கிடைத்திராவிட்டால் பெப்பியின் லிபியப் போரும் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும்.

சுவரில் வராதவை இதைவிட முக்கியம். அரசர் கல்லறைகளைக் குடைந்து வரைந்தவர்கள் தெய்ர் அல்-மதீனா என்ற ஊரில் வாழ்ந்தார்கள். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வராமல் பசித்து, வேலையை நிறுத்திவிட்டு, கோவில்களின் அருகே போய் உட்கார்ந்தார்கள். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று பலரும் குறிப்பிடும் நிகழ்ச்சி இது. இது நமக்குத் தெரிவது தூரின் நகரில் உள்ள ஒரு பாப்பிரஸ் ஏட்டிலிருந்து. அதே மன்னன் மெதினெத் ஹபுவில் எழுப்பிய பெருங்கோவிலில் கடற்போரும் காணிக்கையும் வேட்டையும் இருக்கின்றன. அதை வரைந்த வர்க்கத்தின் பசிக்கு ஒரு சாண் இடம் இல்லை.

அவர்களால் முடியாததல்ல. அதே ஊரில் எறிந்து கிடந்த சுண்ணாம்புக் கற்சில்லுகள் வேறு கதை சொல்கின்றன. கேம்பிரிட்ஜில் உள்ள ஒன்றில் ஒரு கல்தச்சர்: வழுக்கைத் தலை, பருத்த மூக்கு, மழிக்காத தாடை, பிளந்த வாய், கையில் உளியும் சுத்தியும். பக்கத்தில் வேலை செய்தவரைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும். தூரினில் உள்ள இன்னொன்றில் ஆடல் பெண் பின்னோக்கி வில்லாக வளைந்து கையூன்றுகிறாள். கூந்தல் தரையில் புரள்கிறது. தூரினின் பாப்பிரஸ் ஒன்றில் எலி அரசன் நாய்கள் பூட்டிய தேரேறிப் பூனைகளின் கோட்டையை முற்றுகையிடுகிறான். கோவில் சுவரில் ராம்சேஸ் நிற்கும் அதே நிலை. அரசவைக் கலையின் வாய்பாடு எத்தகையது என்று அதை வரைந்தவர்களைவிட நன்றாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆணையால் வந்த புரட்சி

வரம்பு ஒருமுறை உடைந்தது என்று அக்கெனாத்தனைக் காட்டுவார்கள். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் 17 ஆண்டு ஆண்ட அந்த மன்னன் நீண்ட முகமும் தொங்கிய வயிறும் பருத்த தொடையுமாகத் தன்னை வரையச் சொன்னான். பெர்லினில் உள்ள ஒரு கற்பலகையில் சூரியக் கதிர்களின்கீழ் அவனும் அரசி நெஃபெர்டிட்டியும் மூன்று பெண் குழந்தைகளைக் கொஞ்சுகிறார்கள். ஒரு குழந்தையை முத்தமிடத் தூக்குகிறான் தந்தை. எகிப்தில் அதுவரை எந்த அரசனும் இப்படிக் காணப்படவில்லை. அந்த நெகிழ்ச்சியின் பெறுமதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உற்றுப் பார்த்தால் மூன்று விஷயங்கள் இடிக்கின்றன. இந்தப் புதுமையை ராபின்ஸ் அளந்தபோது 18க்குப் பதில் 20 கட்டம் என்று கணக்கு வந்தது. கலகமும் கட்டம் போட்டே நடந்திருக்கிறது. அடுத்து, தலைமைச் சிற்பி பாக் தம் கல்வெட்டில், மன்னனே தமக்குக் கற்பித்ததாகச் சொல்கிறார். விடுதலையும் மேலிருந்து வந்த ஆணைதான். மூன்றாவதாக, அவன் தலைநகரான அமர்னாவின் அதிகாரிகள் தமக்கென்று குடைந்த கல்லறைகளின் சுவர்களை அரச குடும்பமே நிறைத்துக்கொண்டது. முன்பு நெபமூனுக்காவது தன் குளமும் பூனையும் கிடைத்தன. இவர்கள் தங்கள் கல்லறையிலேயே குனிந்து நிற்கும் சிறு உருவங்கள். பாணி தளர்ந்தது, பொருள் இறுகியது. மன்னன் போனதும் பாணியும் போனது. அவன் கர்நாக்கில் எழுப்பிய சூரியக் கோவில்களின் கற்களைப் பெயர்த்துத் தன் கோபுரங்களுக்குள் நிரப்பியவன், முடிவடையாத கல்லறையில் நாம் கண்ட அந்த ஹோரெம்ஹெப்தான்.

எனவே கட்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வீண். 18 கட்டமோ 20 கட்டமோ 21 கட்டமோ, அது கேட்டதை வரைந்து கொடுத்தது. பல கைகளை ஒரு கையாக்கியது, தலைமுறை தாண்டித் தரத்தைக் காத்தது, கடல் கடந்து போய் இன்னொரு நாட்டின் சிற்பத்துக்கு முதல் படியானது. வரைமுறையும் தான் கேட்ட விலைக்கு மேல் திருப்பித் தந்தது. எகிப்தியக் கலை தோற்ற இடம், கேட்பவர் ஒருவராகவே இருந்த இடம். அரசனும் பிரபுவும் கோவிலும் கேட்டதைத் தவிர வேறு எதற்கும் சாந்து பூசிய சுவர் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் கற்சில்லுக்குப் போனது. பிளேட்டோ மெச்சியது இந்த ஒருமையைத்தான். அளவின் ஒழுங்கைக் காவலின் ஒழுங்கோடு சேர்த்துப் பாராட்டியது அவர் பிழை. அவரை மறுப்பதற்காக இரண்டையும் சேர்த்தே தள்ளுவது நம் பிழையாகும். மூவாயிரம் ஆண்டு கைத்திறனுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, அந்தச் சுவர்கள் சொல்லும் வரலாற்றை மட்டும் கற்சில்லோடும் பாப்பிரஸோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப மறுப்பதே நேர்மையான வாசிப்பு.